கட்டிலுக்கு அடியில் உன் புத்தகங்கள்

மன்னார்புரம்,
திருச்சி.

என் அன்பு மகன் ஆஸ்டினுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பும் மனசும் தெம்பாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் அக்கா ஆன்சி போன வாரம் வந்து மாவடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், உனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். போனில் பேசுகிற மனுஷன் கடிதம் எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராதப்பா, அதனால்தான்.

உன் வாழ்க்கையைப் பற்றி நீ இங்கிலீஷில் எழுதிய புத்தகத்தை முழுசாகப் படித்தேன். ராக் பேண்டில் கிட்டார் வாசித்த காலத்தில் குடியிலும் மாத்திரையிலும் நீ கிடந்ததையும், சிகிச்சை இல்லத்தில் கை நடுங்க நடுங்க மறுபடி கிட்டாரைத் தொட்டதையும் படித்தபோது அழுதுவிட்டேன். ஆனால் நம் கோயில் பாடற்குழுவின் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய் விற்றதையும் எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எவனோ வெளியூர்த் திருடன் என்றுதான் பங்குக் கோயில் ஜனங்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் பைபிள் வாசகம் வாசிக்கிறவன், இனி எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று ஆகிவிட்டது. மறுநாளே தென்னூர் போய், பரக்கத் அலி பாய் கடையில் இருந்த உன் புத்தகம் அத்தனையையும் ஒன்று விடாமல் வாங்கி, சாக்கில் கட்டி, கூடத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். யாரும் படிக்கக்கூடாது, அவ்வளவுதான் என் யோசனை. பாய் என்ன நினைத்தார் தெரியுமா, பெருமை தாங்காமல் சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுக்க வாங்குகிறேன் என்று நினைத்துவிட்டார். புள்ள மேல இவ்வளவு பாசமா சார், இருங்க டீ சொல்றேன் என்று உட்கார வைத்தார், அடுத்த வாரம் இன்னும் வரவழைக்கிறேன் என்றும் சொன்னார். வெட்கங்கெட்டவன், அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குள் நீ போன் பண்ணினாய், ஸ்ரீரங்கத்தில் என் சிநேகிதன் பாலு கூட்டம் ஏற்பாடு பண்ணியிருக்கிறான், குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிப்பவர்களும் வருவார்கள், நான் வந்து பேசப்போகிறேன், நீங்கள் முன்வரிசையில் உட்காரவேண்டும் அப்பா என்று. வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, தங்க இடமில்லை, இப்போது வராதே என்றேன். சரிப்பா என்று ஒரு வார்த்தையில் வைத்துவிட்டாய். இந்த வீட்டில் எங்கேயும் பெயிண்ட் அடிக்கவில்லை ஆஸ்டின்.

நேற்று நம் வீட்டு முறை. தெருக்காரர்கள் வீடு மாற்றி வீடு கூடுகிற அன்பிய ஜெபத்தைச் சொல்கிறேன். எல்லோரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள், எனக்கு முட்டி மடங்காததால் கட்டிலில் உட்கார்ந்தேன். மன்றாட்டு நேரத்தில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு, ஒருவர் கண் ஆபரேஷனுக்கு என்று வேண்டிக்கொண்டு வர, தையல்கார லிசியின் முறை வந்தது. என் மவன் ஜூட் குடிய விடணும், நேத்து என்னையவே புடிச்சுத் தள்ளிட்டான், எல்லாரும் அவன் பேரைச் சொல்லி வேண்டிக்குங்க என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு ஆள் முகம் சுளிக்கவில்லை. நீ சிகிச்சையில் கிடந்த நாளெல்லாம் இதே பாயில் உலக சமாதானத்துக்கு வேண்டினவனய்யா நான்.

ஜெபம் முடிந்ததும் லிசி என்னிடம் வந்து, சார், தம்பி எழுதுன புக்கு ஒண்ணு குடுங்க, ஜூட் இங்கிலீஷ் நல்லா படிப்பான், அதையாவது படிக்கட்டும் என்றாள். கைவசம் இல்லையேம்மா, கடையில் கேட்டுப் பாரேன் என்றேன். கடைக்குப் போயிட்டுத்தான் சார் வர்றேன், எல்லாத்தையும் சாரே வாங்கிட்டுப் போயிட்டாருன்னு பாய் சொன்னாரு, பரவாயில்ல சார் என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே பரவாயில்லை என்கிறாள். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. டீத் தட்டோடு வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள், கொஞ்சம் கால எடுங்க என்றாள். எடுத்தேன். குனிந்து சாக்கை இழுத்து, எல்லோர் முன்னாலும் கட்டை அவிழ்த்து, முதல் புத்தகத்தை லிசி கையில் கொடுத்தாள். அப்புறம் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாசல் வரை போன லிசி மட்டும் திரும்பி, தம்பி எப்ப வருது சார், ஜூட்டைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டணும் என்றாள். அம்மா அதிலிருந்து என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

நீ செய்ததை நீயே ஊரறியச் சொல்லிவிட்டாய், மறைக்கப்போய் நான்தான் அசிங்கப்பட்டு நிற்கிறேன். கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு. இன்று காலை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் பாலுவைப் பார்த்தேன், கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம், நீ தேதி மட்டும் சொல்லு என்கிறான். முன்வரிசையில் நான் இருப்பேன், பக்கத்தில் லிசியும் ஜூட்டும் இருப்பார்கள். மாதா உன்னை எந்நேரமும் கைவிடாமல் காப்பாராக. மருந்தை நேரத்துக்குப் போடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. டிக்கெட் போட்டதும் முதலில் அம்மாவுக்குச் சொல், அப்போதாவது என்னோடு பேசுகிறாளா பார்ப்போம். தங்க இடமில்லை என்று சொன்னேன் அல்லவா, கூடத்துக் கட்டில் உனக்குத்தான். அதற்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை, நீ கிட்டாரை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
தைரியராஜ்