ரெண்டு நாளா ஒரே மின்னல்

14.10, செவ்வாய்

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. எல்லோர் வாயிலும் மழைப் பேச்சு. லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், மாற்றவில்லை. பதினொரு பேருக்குக் கண் சோதனை. ஒருத்தர் பெண்டாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேன் ஓட்டுகிறாராம். இந்த ஊரை என்ன செய்ய.

கடை மூடும் நேரத்தில் அகரம் முத்துப்பேச்சி அம்மா. கனகாம்பரத் தோட்டம் போட்டிருக்கிறவர். ஐம்பது வயது, மைனஸ் பன்னிரண்டு, சோடாபுட்டி. கண்ணாடியின் இடது கால் ஆடியது. வேலை அவ்வளவுதான். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ரெண்டு நாளா ஒரே மின்னலு, அப்பு. மழையத்தான் காணோம்."

"வரும்மா, வரும். கண்ணாடிய முந்தானையில தொடைக்காதீங்க. கீறலாக் கெடக்கு."

திருகாணியை முடுக்கி அனுப்பிவிட்டேன். மாவு பாக்கெட் வாங்க மறந்தேன்.

15.10, புதன்

வானம் கழுவிவிட்டாற்போல். சாயங்காலம், வாசலில் மாட்டப்போகும் பலகைக்குப் பிழை பார்க்கச் சொன்னார் முதலாளி காதர் பாய். நான் எழுதிக் கொடுத்ததுதான். மூன்றாவது வரி: 'கண்ணுக்குள் மின்னல் வெட்டினால் விழித்திரை கிழிந்திருக்கலாம். கனத்த மைனஸ் கண்ணாடி போடுகிறவர்கள் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவும்.'



"பாய், ஞாயிறு, திங்கள்ல மின்னல் வெட்டுச்சா?"

"மொட்டை மாடியிலதான படுத்தேன்? நட்சத்திரத்த எண்ணலாம் போல இருந்துச்சு. ஏன் தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

முத்துப்பேச்சி அம்மா சீட்டில் இருந்தது மகன் நம்பர். திருப்பூரில் இருக்கிறான். கூப்பிட்டேன்.

"அம்மாட்ட போன் கெடையாது. கண்ணாடிக் கடைக்கு அப்பிடி என்ன அவசரம்? இன்னொண்ணத் தலையில கட்டவா?" கட் பண்ணிவிட்டான். திரும்ப எடுக்கவில்லை.

பாய் வண்டிச் சாவியைக் கையில் திணித்தார். அகரம் போனால் வீடு பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண்: "காலையிலதான் மக வீட்டுக்கு, நெய்க்காரப்பட்டிக்குப் போச்சு."

அது வண்டியில் போகிற தூரமில்லை. கடைக்குத் திரும்புவதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கிழிசல் வழியாக நீர் இறங்கும். சுவரொட்டி மாதிரி விழித்திரை உரியும். நடுப்புள்ளி உரிந்தால் பார்வை முடிந்தது. பரீட்சையில் இதற்குப் பத்துக்குப் பத்து வாங்கினேன்.

சாப்பிடவில்லை.

16.10, வியாழன்

முதல் பஸ். நெய்க்காரப்பட்டியில் நாலு பேரிடம் கேட்டு வீட்டைப் பிடித்தேன். சம்பந்தியம்மா வாசலில்: "ஏனுங்க, ஒரு கண்ணாடிக்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன்.

"எம் மூஞ்சி தெரியுதாம்மா?"

"தெரியுது. செரைக்காத தாடியும் தெரியுது."

"இடது பக்கம் என் கை?"

"எங்க? கருப்பாத் துணி தொங்குறாப்ல இருக்கு. நேத்துலேருந்து கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்குறேன், போகல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "முந்தானையில இல்லப்பு. நீ சொன்னாப்ல நல்ல துணியிலதான்."

நடு தெரிகிறது. ஓரம் போய்விட்டது. இரண்டு நாள் முன்னால் என்றால் லேசர் போட்டு முடித்திருப்பார்கள்.

கார் கிடைக்கவில்லை. பஸ்தான். குழியில் இறங்கும்போதெல்லாம் "மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டேன். ஒட்டன்சத்திரத்தில் அவருக்கே சிரிப்பு. "எம் மூஞ்சியப் பாரு, எம் மூஞ்சியப் பாருங்கிற. ஒனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கணுமா?"

திண்டுக்கல், கண் ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்த உடனே ஆபரேஷன் என்றார். "மின்னல் எப்பலேருந்தும்மா?"

"ஞாயித்துக்கெழமையிலேருந்து. செவ்வாக்கெழமையே இந்தத் தம்பிகிட்டச் சொல்லிட்டேனே." பெருமையாகத்தான் சொன்னார், எனக்குச் சாட்சி சொல்கிற மாதிரி.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

மணி நாலு பத்து. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். கண்ணாடி என் சட்டைப்பையில். இடது காலை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. நன்றாகத்தான் முடுக்கியிருக்கிறேன்.