இரண்டு டப்பாவும் கருப்பு

ஆம்பூர்
1932, ஆகஸ்டு 14

மகன் கனகராஜுக்கு உன் அப்பா அந்தோணி அநேக ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவமாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி மரியம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நல்லதை மொதல்ல எழுதுங்க, புள்ள பதறிப்போய்டுவான் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். எனக்கு நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் எழுத வரும். நீ கொஞ்சம் பதறினாலும் தப்பில்லை, நாங்கள் பட்டதில் அது பாதிகூட ஆகாது.

முதலாளி சர்தார் பாஷா சாயபுவின் மருமகன் கான்பூரிலிருந்து திரும்பியபோது நீ கொடுத்தனுப்பிய டப்பா இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று என் முட்டிவலிக்கு, இமயமலைப் பாறையில் கசிகிற சிலாஜித்து. மற்றது தோல் பதனிடுவதற்குச் சீமைப் பட்டையைக் காய்ச்சிக் கட்டியாக்கிய சாறு, முதலாளி பார்ப்பதற்கு மாதிரிச் சரக்கு. எது எந்த டப்பா என்று எழுதினாயா? கருப்பாகப் பிசின்போல இருப்பது மருந்து என்று எழுதினாய். அடேய், இரண்டுமே கருப்பு, இரண்டுமே பிசின்! ஒன்றைத் திறந்தேன், மாட்டு மூத்திர வாடை குப்பென்று அடித்தது. மற்றது பளபளவென்று வாடையே இல்லாமல் இருந்தது. நீயும் தோல் பதனிடுகிற ஷாப்பில் வளர்ந்தவன்தானே, நீயே சொல். நாறுகிறது ஷாப்புச் சரக்கு, நாறாதது வீட்டுச் சரக்கு, நமக்கு வேறு என்ன கணக்கு தெரியும்? நாறினதை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நாறாததை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்து ஜெபம் சொல்லி எடுத்தாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் கடலை அளவு கிள்ளிப் பாலில் கரைத்துக் கொடுத்தாள், நானும் குடித்தேன். பால் திரிதிரியாகப் போகும், நாக்கு சுருங்கி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நம்ம ஷாப்புல தோல் ஊறுற குழித் தண்ணி மாதிரியே துவர்க்குதே சவுரி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். துவர்ப்பு ரத்தத்துக்கு நல்லதுதான், பேசாம குடிங்க என்றாள். வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது, மருந்து பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? மரியம்மாளுக்கு ஏழாம் மாதம், முகம் வெளுத்துக் கால் வீங்கிக் கிடக்கிறாளே, அவளுக்கும் துளி கொடு, புருஷன் அனுப்பினதுதானே என்று நான்தான் சொன்னேன். உன் அம்மா அவளுக்கும் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

நேற்று முதலாளியைப் பார்க்க வைத்தியர் ஹக்கீம் மஹபூப் பாஷா ஷாப்புக்கு வந்தார். உன் மாதிரிச் சரக்கைக் கரைத்து ஆட்டுத்தோல் போட்டிருந்த தொட்டி ஓரமாக இருந்தது. தோல் பதனாகாமல் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது, கான்பூர்ச் சரக்கு இம்புட்டுதானா என்று முதலாளி நாலு நாளாக என்னைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தார். ஹக்கீம் அதைத் தாண்டிப் போனவர் நின்றார், குனிந்து மோந்து பார்த்தார். அரே அல்லா, இது சிலாஜித்துங்க, ராஜாங்க சாப்புடுற சரக்கு, இதை ஆட்டுத்தோலுக்கு ஊட்டினது யாருங்க என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என்னத்தைப் பார்ப்பேன்? அப்போ என் வீட்டில் இருப்பது இன்னா என்று நாக்கு குழறிற்று. புள்ளத்தாச்சியும் குடிக்கிறாள் என்றதும் ஹக்கீம் முகமே மாறிவிட்டது. அவளுக்கு அசல் சிலாஜித்தே குடுக்கக் கூடாதே, நீ தோல் பதனிடுற சாறையா குடுத்தே, ஓடுய்யா என்று கத்தினார்.

முட்டிவலிக்காரன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பதமான தோலை ஆயுசுக்கும் பார்த்தவன் நான், அந்தச் சின்ன உசிருக்கு உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று கண்ணில் வந்து வந்து நின்றது. வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உன் அம்மா அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, நான் ஒரு வாய்கூட குடிக்கல மாமா, ஆறட்டும்னு பின்பக்கம் எடுத்துப் போய் முருங்கை மரத்தடியில ஊத்திட்டு வந்துடுவேன், அத்தை கோச்சிப்பாங்கன்னு சொல்லல என்றாள். கோபமா! உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியெல்லாம் முத்தமிட்டாள். எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தை நன்றாக உதைக்கிறது, நாடி ஒழுங்காக ஓடுகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் வயிற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள், அந்தக் கதையை உனக்கு எழுத வேண்டாம்.

இராத்திரி மரியம்மாளிடம், பிடிக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். அவர் அனுப்பினதுன்னு நீங்க ஆசையா குடுத்தீங்க, வேணாம்னு சொல்ல வாய் வரல மாமா என்றாள். தினம் குழித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பதம் சொல்கிறவன் நான். இது குழிச் சரக்கு என்று முதல் மடக்கிலேயே என் நாக்குக்குத் தெரிந்துபோயிற்று கனகராஜு, மனசுதான் அதை நம்பவில்லை. நீ அனுப்பினது என்றுதான் நானும் குடித்தேன்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதே. சேசு மரி சூசை உனக்குத் துணையிருப்பார்கள். பிரசவம் அக்டோபர் கடைசியில் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறாள், லீவு இப்போதே கேட்டு வை. இனிமேல் டப்பா எதுவும் அனுப்பாதே, நீ வா.

இப்படிக்கு
உன் அப்பா
சி. அந்தோணி