சுகமான மை

மச்சான், எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் கடற்காற்று வருகிறதா? பால் விடாத பிளேன்டி கிடைக்கிறதா? மல்லுக்கட்ட ஓர் ஆளாவது அகப்பட்டானா? அகப்படாவிட்டால் உன் பாடு கஷ்டம்தான். வாதாட ஆள் இல்லாத நாளில் உனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மருதமுனைக் கடல் இரண்டு நாளாகக் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் பாண்டிருப்புப் பக்கம் வேளாண்மை வெட்டி முடிந்துவிட்டது. உன் வயலை உன் தம்பி பார்க்கிறான். நன்றாகத்தான் பார்க்கிறான், ஆனால் உன்னைப் போல வரம்பில் நின்று மாட்டோடு சண்டை பிடிப்பதில்லை. மாடுகளுக்கே அது ஒரு மாதிரியாக இருக்குமோ என்னவோ.

நான் சொல்ல வந்தது வேறு. என் முன்னால் மேசையில் இரண்டு மை இருக்கின்றன. ஒன்று கம்பனி மை. பிரிண்டர் செய்த கம்பனியே அடைத்து விற்பது, பெட்டிகூட உடைக்கவில்லை. மற்றது கல்முனைக் கடையில் நீ வாங்கி வைத்த போத்தல். அதைத் திறந்து பார்த்தேன், விரல் நுனியெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் புதுப் பெயின்டும் கலந்த மாதிரி ஒரு மணம். அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீ வந்து எதிர்க் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

விசயம் இதுதான். உன்னுடைய வருசத் திவசம் வருகிறது. உன் வீட்டுச் சுவரில் இப்போது தொங்குவது, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒன்று. அதில் நீ கள்ளன் பொலிசைக் கண்ட மாதிரி முழிக்கிறாய். உன் பொஞ்சாதிக்கு அது பிடிக்கவில்லை. "காக்கா, உங்கட மெசின்ல சிரிச்ச படம் ஒண்டு அடிச்சுத் தாங்க" என்று போனில் கேட்டாள். என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள், கூடப் பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் கேட்டு நான் இல்லை என்பேனா? ஆனால் எந்த மையில் அடிப்பது? சுவரில் இனி அந்த ஒரு முகம்தான் நீ. அது நிறம் மாறிப்போனால் என் கையாலேயே உன்னை மாற்றிய மாதிரி ஆகிவிடும். இந்த யோசனையோடு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தச் சண்டையை நம் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுவந்து போட்டது நீதான். கட்டாரிலிருந்து மகன் கொண்டுவந்த பிரிண்டரில் கம்பனி மை தீர்ந்தபோது, "நான் வாங்கிற்று வாறன்" என்று சைக்கிளில் கிளம்பினாய். கனடாவிலிருந்து உன் மகள் போனில் அனுப்புகிற பேரப்பிள்ளைகளின் படத்தை உடனே கடதாசியில் பார்க்க வேண்டும் உனக்கு. போனில் பார்த்தால் போதாதா என்றால், "போனுக்க இருக்கிற புள்ளைய மடியில வைக்க ஏலுமா" என்பாய். கடதாசியை மட்டும் மடியில் வைக்க ஏலுமாக்கும். சரி, அதை விடு.

திரும்பி வந்து நாலு போத்தலை மேசையில் வைத்தாய்.

"மச்சான், கம்பனி மை விக்கிற விலைக்கு இதில நாலு வாங்கலாம். இது சுகமான மையாம்."

"சுகமான மையா? அது என்ன மை?"

"கடைக்காரன்தான் சொன்னான். கம்போட்டபிள் எண்டு."

என் மகள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. கடைக்காரன் சொன்னது கம்பாட்டிபிள். வேறு யாரோ செய்தாலும் நம் மெசினுக்குப் பொருந்தும் என்று அர்த்தமாம். அவள் விளக்கிச் சொன்ன பிறகும் நீ விடவில்லை. "பொருந்தினா சுகம்தானே புள்ள. பொஞ்சாதி புருசனுக்கும் அதுதானே" என்றாய். அன்றிலிருந்து நம் இரண்டு வீட்டிலும் அதற்குப் பெயர் சுகமான மை.

அதை ஊற்றியவுடன் கொம்பியூட்டரில் ஏதோ எழுத்து வந்து விழுந்தது. மகள் வாசித்தாள். "இது உண்மையான மை இல்லையாம் வாப்பா."

நீ உன் விரலைத் தூக்கிக் காட்டினாய். "அப்ப இதில பட்டது என்ன, கனவா?"

நான் கம்பனி மையின் பக்கம். சீலை யாவாரம் செய்தவன் நான். சாயம் போகிற சீலையை விற்றுவிட்டு அந்தத் தெருவால் தலையைக் குனிந்துகொண்டு போன ஆட்களைக் கண்டவன். எனக்குச் சாமான் என்றால் நின்று பிடிக்க வேண்டும். நீயோ, "ஒரு படம் மங்கினா இன்னொண்டு அடி, மெசின் என்ன மலடா" என்பாய்.

நோன்பு மாதத்தில் மெசினை யாரும் தொடவில்லை. பெருநாள் அன்று குடும்பமாக நின்று படம் எடுத்து அடித்தால், குழாயில் சிவப்பு மை காய்ந்துபோய் எல்லோருக்கும் பச்சை முகம். என் பொஞ்சாதி பார்த்துவிட்டு, "பேய்க்குப் புதுச்சீலை உடுத்தின மாதிரி இருக்கு" என்றாள். வட்டிலப்பம் தின்ன வந்த நீ, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்ன குறை? உங்கட ஆக்களுக்குப் பச்சைதானே விருப்பம்."

பிறகு சுடுதண்ணியும் ஊசிக் குழாயுமாக உட்கார்ந்து நீயே அதைத் துப்பரவாக்கினாய். அன்று நிலத்தில் சிந்திய சிவப்பை என் பொஞ்சாதி இன்றைக்கும் தேய்க்கிறாள். தேய்க்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லி ஏசுகிறாள். ஏசினாலும் நினைக்கிறாள்தானே.

உன் அம்மா மவுத்தானபோது, செத்த வீடு முடிந்து அவவுடைய படத்தைச் சுகமான மையில்தான் அடித்தோம். ஒரே நேரத்தில் இரண்டு. ஒன்று உன் சுவருக்கு. மற்றதை, "உனக்கும் சோறு போட்டவதானே" என்று என்னிடம் தந்தாய். எங்கள் வீடுகளில் சுவரில் உருவப்படம் மாட்டுவதில்லை. மலக்குகள், அதுதான் வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லி வந்த வழக்கம். அதனால் அவவை அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

கொஞ்சக் காலம் போனது. ஒருநாள் சட்டத்தோடு படத்தைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாய். அம்மா நீலமாகியிருந்தா. முகம், கழுத்து, நெற்றிப் பொட்டுக்கூட.

"மச்சான், அம்மா கிருஷ்ணராகிட்டா" என்றாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்கு விளங்கவில்லை.

"பாத்தியா உன்ட சுகமான மையை?" என்று நான் தொடங்கினேன். அதுவும் நீலமாகியிருக்கும், காட்டி உன்னை மடக்கலாம் என்று அலுமாரியைத் திறந்து என்னிடம் இருந்த படத்தை எடுத்தேன். பார்த்தால், அதே மை, அதே நாள், அம்மா நேற்று எடுத்த மாதிரி இருக்கிறா.

இரண்டு பேரும் இரண்டு படத்தையும் வைத்துக்கொண்டு நின்றோம். பிழை மெசினில் என்றாய், கடதாசியில் என்றேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் பொஞ்சாதி எட்டிப் பார்த்தாள்.

"என்னத்துக்கு நிண்டு சண்டை பிடிக்கிறீங்க? அவ அங்க வெயிலுக்கும் கடல்காத்துக்கும் நிக்கிறா. இங்க நிழலுக்க படுத்துக் கிடக்கிறா. வெயில்ல நிண்டா ஆருதான் மங்கமாட்டா?"

அவ்வளவுதான் மச்சான் முழுக் கதையும். மருதமுனை அலுமாரிக்குச் சுகமான மை போதும். பாண்டிருப்புச் சுவருக்குக் கம்பனி மை வேண்டும். ஊருக்கு ஊர் மை. அதற்குப் பிறகாவது நீ திருந்தியிருக்க வேண்டும். இல்லையே. திரும்பவும் சுகமான மையில்தான் அடிக்கச் சொன்னாய். அம்மா நீலமாகுவா, நீ கொண்டு வருவாய், நான் அடித்துத் தருவேன். உன் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று இரண்டு ஊருக்கும் நடுவில் பேச்சு முறிந்திருந்த அந்த நாட்களிலும் வந்தாய். உங்கள் பக்கத்து ஆட்களும் எங்கள் பக்கத்து ஆட்களும் ரோட்டில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம். சந்தியில் உன்னை மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்களாம். பையைத் திறந்து காட்டி, "அம்மாவுக்கு நிறம் ஏத்தப் போறன்" என்றாயாம். செத்த தாயைக் கையில் வைத்திருக்கிறவனை யார் மறிப்பான்? எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனான்.

இதுவரை எழுதிய கடதாசியை மேசையில் விட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன், இப்போதுதான் திரும்பி வந்தேன். ஒன்று சொல்கிறேன், நீ இல்லாத வீட்டு வாசலுக்கு நான் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று இந்த ஒரு வருசமும் யோசித்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு வேலை இருந்தது, போனேன். உன் பொஞ்சாதி பாயசம் கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி, கம்பனி மையிலயே அடிக்கிறன். கன காலம் நிக்கும். மங்காது" என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "சுகமான மையில அடிங்க காக்கா."

"அது நீலமாகும் புள்ள."

"ஆகட்டும். அவருக்கும் தெரியும்தானே. உங்கட அலுமாரியில மாமிட படத்தைக் கண்ட அண்டைக்கே தெரியும். நான் கேட்டன், தெரிஞ்சும் ஏன் இதில அடிக்கிறீங்க எண்டு. மங்காட்டி மருதமுனைக்குப் போக என்ன சாட்டு எண்டார்."

"அவனுக்கு என்னத்துக்குச் சாட்டு? கூப்பிடாமலே வாற ஆள்."

"நானும் அதத்தான் சொன்னன். சும்மா போறவன் ஒருநாளைக்குச் சும்மா போகாமலும் நிண்டிருவானாம். வேலை இருந்தா எந்தப் பிரச்சினைக்குள்ளயும் போய்த்தானே ஆகணுமாம்."

பாயசக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் முந்தானையால் உன் அடையாள அட்டை முகத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றுமில்லாத மாதிரிச் சொன்னாள்.

"நீங்க மங்காத படத்தை மாட்டிற்றுப் போனா, மறுகா ஆரு காக்கா இந்த வாசலுக்கு வாறது?"

உன்னிடம் தோற்பது எனக்குப் புதிதில்லை. உன் பொஞ்சாதியிடமும் தோற்றேன். கம்பனி மைப் பெட்டியை உடைக்காமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நின்று பிடிக்கிற சாமான்தான் நல்ல சாமான் என்று இத்தனை காலம் யாவாரம் செய்தவன், இனி மங்குகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடக்கப்போகிறேன். நீ எனக்கு விட்டுப்போன வேலை இது. கால் உள்ள வரைக்கும் செய்வேன், இன்ஷா அல்லாஹ்.

இந்தா, மெசின் இழுக்கத் தொடங்கிவிட்டது. தலைமயிர் வந்துவிட்டது, நெற்றி வந்துவிட்டது. கண் இரண்டும் வந்துவிட்டன, கள்ளக் கண். நிறம் அருமையாக விழுகிறது மச்சான், இப்போதைக்கு. இனி மீசை, அதற்குக் கீழே அந்தச் சிரிப்பு.

உள்ளே இருந்து என் பொஞ்சாதி சத்தம் போடுகிறாள். "இஞ்சாருங்க, பாண்டிருப்பில இருந்து கோல். படம் காயும் வரைக்கும் இருக்கவேணாமாம், இப்பவே வரட்டாம், சோறு ஆக்கிட்டாவாம்."

பார்த்தாயா, உன் பொஞ்சாதி படத்தை மங்கக்கூட விடுகிறாள் இல்லை. சரி மச்சான், சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு எட்டுப் போய்விட்டு, மிச்சத்தை வந்து...