இருபது அம்மாக்கள்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பக்கத்து மெஷின்காரனை வளர்த்த சின்னம்மா போன வாரம் இறந்துவிட்டார். "சின்னம்மாவுக்கெல்லாம் லீவு கிடையாது, பெத்தவ செத்தாத்தான்" என்றார் மேனேஜர்.

"எனக்கு அவங்கதான் சார் அம்மா."

"ஒருத்தனுக்கு எத்தனை அம்மாடா?" அழுகிறவனைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் இருபது பேரும் மெஷினை நிறுத்தினோம். "என் அம்மா இறந்துவிட்டார்" என்று ஆளுக்கொரு லீவு மனு எழுதி, அவர் மேஜையில் வைத்தோம். அதன்பிறகு யாரும் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விதியை மாற்றினார்கள். அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் போகவில்லை.

மனுவில் உன்னைச் சாகடித்ததற்கு மன்னித்துவிடு அம்மா. இந்தத் தடவை எதிர்வீட்டு அக்காவை எழுதச் சொல்லாதே. கோணலாக இருந்தாலும் நீயே ஒரு வரி எழுதிப் போடு.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது.

உன் மகன்