கொச்சிக்கடைக்குச் சத்தி எடுக்காமல் போன கதை

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் நிருஷாவுக்கு,

நீயும் மருமகன் ஜனாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும். அப்பா சுகம், வழக்கம்போல பேப்பரோடு சண்டை. என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோ கோலில் எப்ப வாறீங்கள் அம்மா என்று நீ சிரிக்கும்போது எனக்கு வாய் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, முழுவதையும் வாசித்துவிட்டுக் கோல் எடு.

உன் அம்மாவின் பயணம் எப்படி என்று உனக்குத் தெரியும். யாழ்ப்பாணம் போகிற வழியில் புத்தளம் வர முன்னமே சத்தி எடுத்துச் சொப்பிங் பேக் நிறைந்துவிடும், தேசிக்காயை மணந்துகொண்டு முன் சீற்றில் கிடப்பேன். அதுதான் உன் பிள்ளைப்பேற்றுக்கு நோர்வே வர விசா கிடைத்ததும் கீழ் வீட்டு யூஜினா சொன்னாள் என்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன், சத்தி எடுக்காமல் என் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும் என்று. அடுத்த கிழமையே எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்ததும் ஊசி போட்டதும் உனக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தபின் நடை தள்ளாடியது, படுத்த உடம்பு அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தேறியதும் ஒரு செவ்வாய்க்கிழமை யூஜினாவோடு கொச்சிக்கடைக்குப் போக மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். பஸ் என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா, காலி வீதி முழுக்க பிரேக் போட்டுப் போட்டுப் போனான், எனக்கு ஒரு ஓங்காளம்கூட இல்லை. கையில் பிடித்த பேக் மடித்தபடியே இருந்தது. பாத்தீங்களா அன்ரி, அந்தோனியார் கேட்டிட்டார் என்று யூஜினா பஸ்ஸுக்குள்ளேயே கத்தினாள். அப்பாவுக்குப் போன் பண்ணினேன், அவர் அன்று பின்னேரமே பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கனடாவில் இருக்கிற சித்திவரைக்கும் செய்தி சொல்லிவிட்டார்.

ஆனால் அன்று கோயிலிலேயே ஒன்று நடந்தது, அப்பாவுக்கும் அதைப் பிந்தித்தான் சொன்னேன். மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு நன்றி சொல்லக் கண்ணை மூடினேன். மூடியவுடன் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் மேல் மரம் மாதிரிச் சரிந்து விழுந்தேன். சேலைத் தலைப்பு திரித் தட்டில் படாமல் யூஜினா இழுத்துப் பிடித்தாள். ஒருத்தி அருள் வந்திட்டுது என்றாள், ஒரு சிங்கள அம்மா தண்ணீர் தெளித்தாள், யூஜினா பிரஷர் என்றாள். ஆனால் வீட்டிலும் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் சுவரில் போய் முட்டினேன். கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிடுவேன். ரோட்டில் நடந்தால் கடைப் போர்டுகள் எல்லாம் துள்ளுகின்றன.

அப்பா காது டொக்டர் சந்திரகுமாரிடம் கூட்டிப்போனார். அவர் இரண்டு காதிலும் மாறி மாறிக் குளிர்ந்த தண்ணீர் விட்டார். மற்ற ஆட்களுக்கு அந்த நேரம் அறையே சுற்றுமாம். எனக்குக் குளிர்தான் தெரிந்தது. பிறகு ஆறுதலாகச் சொன்னார். காதுக்குள் கேட்பதற்கு ஒரு பகுதி இருப்பதுபோல, மேசன்மார் சுவரில் வைத்துப் பார்க்கிற மட்டம் மாதிரி உடம்பின் அசைவையும் சரிவையும் சொல்லுவதற்கும் ஒரு பகுதி இருக்கிறதாம். பஸ்ஸுக்குள் இருக்கும்போது அது ஓடுகிறோம் என்று சொல்லும், முன் சீற்றைப் பார்க்கிற கண்ணோ, இல்லை, சும்மா இருக்கிறோம் என்று சொல்லும், இந்த இழுபறியைப் பொறுக்காத ஆட்களுக்குத்தான் வயிறு புரட்டுகிறதாம். ஏன் சிலருக்கு மட்டும் அப்படி என்று தங்களுக்கே முழுதாகத் தெரியாது என்றார். என் உயிரைக் காப்பாற்றிய அதே ஊசி மருந்தால் எனக்கு இரண்டு பக்கமும் அந்தப் பகுதி செத்துவிட்டது. கேட்கிறது, சமநிலை மட்டும் இல்லை. அது பேசாதபடியால் இழுபறியும் இல்லை, சத்தியும் இல்லை. பழையபடி வராதாம், கண்ணையும் காலையும் நம்பி நடக்கப் பழக வேண்டுமாம், கழுத்தைத் திருப்பிச் செய்யும் பயிற்சி தந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது அப்பா ஓட்டோவுக்குள் அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை பிள்ளை. கவலையா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. வீட்டுக்கு வந்து மீன் வெட்டினேன், சோறு வடித்தேன், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன். யூஜினா இப்போது என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறாள். நான் கேட்டது சத்தி வரக்கூடாது என்றுதானே, அது கிடைத்ததுதானே என்று அவளிடம் சொன்னேன்.

உனக்கும் என்னுடைய வயிறுதான், ட்ராமில் போகும்போது போனைப் பார்க்காதே, முன்னுக்கு இருந்து தூரத்தைப் பார். பிள்ளை பெற்றபின் நீ சாப்பிடச் சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன். டிக்கெட்டை மாற்ற வேண்டாம், பிளேனில் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், எயார்போட்டில் கை பிடிக்க மட்டும் ஜனாவை வரச் சொல். பிள்ளையை நான்தான் குளிக்க வார்ப்பேன். நிலத்தில் இருந்து காலை நீட்டி அதில் கிடத்தி வார்ப்பதற்கு இந்தக் காது தேவையில்லை, நீ தண்ணீர் எடுத்துத் தா, வார்த்தவுடன் நீயே தூக்கித் துடை. இரவில் நடைபாதை லைட் எரியட்டும்.

இன்று காலை பிள்ளையாருக்கு முன்னால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கும்பிட்டேன். உனக்குச் சுகமாகப் பிள்ளை பிறக்கட்டும், நீங்கள் மூவரும் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளையைக் கண்டதும் நான் நின்றபடியே கை நீட்டுவேன், எனக்கு என்னைத் தெரியும். தராதே. நான் அழுதாலும் தராதே. முதலில் என்னைக் கீழே இருக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா