உன் கிற்றாரில் இருந்த ஆணி

மூன்றாம் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் கீயைக் கழற்றியதும் இஞ்சின் கிறீஸ் மணந்தது. கிற்றாருக்கு யாராவது கடல் இஞ்சினின் கிறீஸைப் பூசுவார்களா? நீ பூசியிருக்கிறாய். அதுவும் கொஞ்சமாக இல்லை, அப்பியிருக்கிறாய். அந்த மணத்துக்கு எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

உன் மனைவி போன கிழமை இந்த எலெக்ரிக் கிற்றாரை என் கராஜுக்குக் கொண்டுவந்து வைத்தாள். "கோவில் பெருநாளுக்குப் பாடகர் குழுவிலை ஆரும் வாசிக்கட்டும் அண்ணை. சும்மா சுவரிலை தொங்குறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு. நீங்களே திருத்தித் தாங்கோ" என்றாள். நான் படகு இஞ்சின் திருத்துகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். உன்னோடு இருபது வருடம் கோவிலில் பேஸ் கிற்றார் வாசித்தவன் என்பதும் தெரியும். அதனால் யாழ்ப்பாணம் போய் ஆறு புதுக் கீ வாங்கி வந்தேன்.

வேலை லேசாக இல்லை. ஆறு கம்பிகளையும் நீ கீயின் தண்டில் தங்கூசி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாய், தூண்டிலில் கொக்கி கட்டுகிற அதே முடிச்சு. முடிச்சுக்கு மேல் ஏழெட்டுச் சுற்று வேறு. சுற்று கூடக் கூடக் கம்பி இளகும், சுருதி இறங்கும் என்று எத்தனை தரம் சொன்னேன்! "முடிச்சில்லாத கயிறை நம்பேலாது மச்சான்" என்பாய். கடலில் சரி. கிற்றாரில் அந்த முடிச்சுகளைக் குறட்டால் வெட்டி எடுக்க எனக்கு அரை நாள் போனது.

அந்த மூன்றாம் கீயின் சின்னச் சக்கரப் பல்லுக்கும் தகட்டுக்கும் இடையில் ஓர் ஆணி. எனக்கு அது நினைவிருக்கிறது. போன வருடப் பெருநாளில், திருப்பலி தொடங்கும் நேரத்தில், தேய்ந்த பல்லில் கீ வழுக்கி வழுக்கிச் சுருதி இறங்கியது. நீ பந்தல் மரத்தில் கிடந்த ஆணி ஒன்றைப் பிடுங்கி அங்கே செருகினாய். "இண்டைக்குச் சமாளிப்பம், நாளைக்குப் பாப்பம்." சுருதி நின்றது. பாட்டு முடிந்ததும் நான் உன் முதுகில் தட்டி, "நீ ஆள் விண்ணன்ரா" என்றேன். பல்லுக்கு ஆணி மருந்தாகுமா என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். உன் சமாளிப்புக்கெல்லாம் கைதட்டிக் கைதட்டியே உன்னை வளர்த்தவனும் நான்தான்.

பழைய திருகாணித் துளைகள் புதுக் கீக்குப் பொருந்தவில்லை. தீக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டேன். தண்டு போகும் துளையும் சிறிது. துளையிடும் இயந்திரத்தை வைத்தால் மரம் வெடித்துவிடும் என்று வட்ட அரத்தால் கையாலேயே தேய்த்தேன். ஆறு துளைகள். அவசரப்படவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனின் பொறுமை இது. உன் கிற்றாருக்குக் காட்டிய இந்தப் பொறுமையை உன் இஞ்சினுக்குக் காட்டவில்லையே என்று ஒவ்வொரு துளையிலும் பல்லைக் கடித்தேன்.

அந்தப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் நீ கராஜுக்கு வந்தாய். தண்ணீரைத் தள்ளும் இஞ்சின் விசிறியைப் பிடிக்கும் சின்னப் பித்தளைப் பின் முறிந்திருந்தது. முறிவதற்கென்றே செய்த பின் அது. விசிறி எதிலாவது இடித்தால் அது முறிந்து, உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைக் காப்பாற்றும்; வேறு பின் போட்டுக்கொண்டு கரைக்கு வரலாம். என்னிடம் அந்தப் பின் முடிந்துபோயிருந்தது. மறுநாள் பஸ்ஸில் வரும் என்றேன்.

"நாளைக்கு மட்டும் மீன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குமோ? ஒரு ஆணி வெட்டித் தா. சும்மா ஆணி முறிஞ்சுபோம், கொங்கிறீற் ஆணி தா. ஆபத்துக்குப் பாவமில்லை மச்சான்."

எந்த ஆபத்து? ஒரு நாள் தொழிலுக்குப் போகாதிருப்பது ஆபத்தா? வாடைக்காற்று தொடங்கிய நேரத்தில், உடைய வேண்டிய இடத்தில் உடையாத ஒன்றைப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதான். தெரிந்துகொண்டே கிறைண்டரில் அளவாக வெட்டி உன் கையில் தந்தேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து நெடுந்தீவுப் பக்கம் உன் உடலை எடுத்தார்கள். படகு கவிழ்ந்து கிடந்தது. ஊர், கடல் கொண்டுபோய்விட்டது என்றது. இஞ்சின் என்னிடம்தான் வந்தது. திறந்து பார்த்தேன். விசிறியில் அறுந்த வலை சுற்றியிருந்தது. பற்சக்கரத்தின் பல்லெல்லாம் நொறுங்கியிருந்தன. ஆணி முறியவில்லை. இஞ்சின் செத்த படகைக் காற்று புரட்டியிருக்கிறது. நான் "உள்ளுக்குத் தண்ணி போயிட்டுது" என்று சொல்லி மூடினேன்.

நேற்று முன்தினம் கிற்றாரை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு கீயை மெல்லத் திருகிப் பார்த்தாள்.

"இனி இறங்காதோ அண்ணை?"

"இறங்காது."

"அவர் இருக்கேக்கையே இதைச் செய்திருக்கலாமே."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பின், ஆணி, பற்சக்கரம், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிற்றாரைக் கதிரையில் சாய்த்து வைத்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"பத்து மாசமா நான் கடலையெல்லோ அண்ணை திட்டினனான்!"

பிறகு தொடங்கினாள். "இரண்டு பேரும் பெரிய கெட்டிக்காரர்! ஒருத்தர் கேக்கிறார், மற்றவர் வெட்டிக் குடுக்கிறார்! என்ரை வாழ்க்கையிலைதானோ உங்கடை சமாளிப்பைக் காட்டவேணும்?" பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

இன்று காலையும் கோவிலுக்குப் போகும் வழியில் கராஜ் வாசலில் நின்று, நாலு பேர் பார்க்கத் திட்டிவிட்டுத்தான் போனாள். நாளைக்கும் வருவாள். நான் உள்ளே போய் ஒளியவில்லை. அவள் திட்டுவதில் பாதி உனக்கு உரியது. நீ வந்து நிற்கமாட்டாய். உன் பாதியையும் நான்தான் நின்று கேட்கிறேன்.