பட்டியலில் இல்லாத இலை

மே 6
என் வீட்டுக்காரர் இன்று வேலைக்குத் திரும்பினார். புகைத்த இலையால் வலிப்பு வந்து, சிறுநீரகம் கெட்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர். இனி பஸ் ஓட்ட முடியாது. டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. ஓட்டுநர்களுக்கு மாதா மாதம் சிறுநீர்ப் பரிசோதனை, கஞ்சா என்றால் மாட்டிக்கொள்வார்கள். "இது மூலிகைதான், டெஸ்ட்ல வராது" என்று முனைக்கடைக்காரன் இவர் தலையில் கட்டியிருக்கிறான். மூலிகையாம்! ஏதோ காய்ந்த இலையில் ரசாயனத்தைத் தெளித்து, பாக்கெட்டில் ‘வாசனைக்கு மட்டும், உட்கொள்ளக் கூடாது’ என்று அச்சடித்துவிட்டால் ஆயிற்று.

மே 9
கடைக்கே போய்க் கேட்டேன். சிரித்தான்.
"போலீஸ்ல சொல்லுங்கக்கா. தடைப் பட்டியல்ல இது இருக்கான்னு பாத்துட்டு வாங்க."
இல்லை. எனக்கா தெரியாது? இதைச் சோதிக்கிற ஆய்வகத்தில்தான் ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரு ரசாயனத்தைத் தடைசெய்தால் அதில் ஒரு நுனியை மாற்றி அடுத்ததை இறக்குகிறார்கள். நாங்களும் ‘தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை’ என்று எழுதி அனுப்புகிறோம்.
சிரிக்கிறாயா? இரு.

மே 20
புதுப் பட்டியல் வருகிறது. ஜூன் முதல் தேதி அமல். அவன் விற்பது அதில் இருக்கிறது! அதுவரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்றார் மேலாளர். நானா விடுவேன்?

மே 24
அவரிடம் மட்டும் சொல்லலாமா? வேண்டாம். கடைக்காரனோடு பழகியவர், பாவம் பார்த்து உளறிவிட்டால்? அவர்தான் அதை விட்டுவிட்டாரே, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

மே 31
நாளை.

ஜூன் 1
காலை பத்து மணிக்குக் கடையில் சோதனை. போலீசுக்குச் சொன்னது நான்தான். விலங்கு மாட்டி ஏற்றியதை எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். நெஞ்சு குளிர்ந்தது.

ஜூன் 3
அவன் கடை இலை என் மேசைக்கு வந்தது. ‘தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளது’ — அழுத்தி எழுதியதில் தாள் கிழியப் பார்த்தது. உள்ளேயே கிடந்து சாகட்டும்.
வீட்டில் சொன்னேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். உடம்பு இன்னும் தேறவில்லை போல.

ஜூன் 4
இன்னொரு முத்திரையிட்ட பை. கடைக்காரன் வாயைத் திறந்துவிட்டானாம். அவனிடம் வாங்குகிறவர்களின் டிப்போ அலமாரிகளைத் திறந்து அள்ளி வந்திருக்கிறார்கள். எங்களுக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான். அறிக்கை போன பிறகுதான் கைது.
பிரித்தேன். ஒரு சின்ன டப்பா, பாதி வரை இலை. மூடியில் காகிதம் ஒட்டி ‘டீத்தூள்’ என்று எழுதியிருந்தது.
மேலாளர் அறைக்குக் கொண்டுபோய், இதை வேறு யாரையாவது சோதிக்கச் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்.
"மூடியில இருக்கறது என் எழுத்து, சார்."
தடை வரும் தேதியை வீட்டில் அவரிடம் அன்றே சொல்லியிருக்கலாம்.